அயல்நாட்டுப் படையைக் கட்டியெழுப்புவதில் ஹவில்தாருக்கு என்ன பங்கு?

கேள்வி (முதுகலை மாணவர், உசிலம்பட்டி):
அனைவருக்கும் வணக்கம். ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குப் படை அமைத்துக் கொடுப்பது பற்றி வகுப்பில் கட்டுரை வாசிக்க இருக்கிறேன். ஆப்கானிஸ்தான் படைகளுக்காக அமெரிக்கா 20 ஆண்டுகளில் 8,000 கோடி டாலருக்கும் மேல் ஒதுக்கியும், 2021 ஆகஸ்டில் அவை நிலைகுலைந்துபோயின. அரசியலும் ஊழலும் காரணம் என்பதை எங்கும் படிக்க முடிகிறது. சிப்பாய்களுக்கு நேர் மேலே இருக்கும் நாயக், ஹவில்தார் (பிற நாடுகளில் சார்ஜண்ட்), அவர்களுக்கு மேலுள்ள இளம் லெப்டினன்ட் போன்ற கீழ்மட்டத் தலைவர்களுக்கு இதில் எவ்வளவு பங்கு உண்டு என்பதைப் பட்டாளத்தில் இருந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1 (ஓய்வுபெற்ற சுபேதார், பேரையூர்):
தம்பி, மாலை ரோல் காலில் இருந்து தொடங்குகிறேன். ஹவில்தார் பெயர்களை வாசிக்கும்போது குரலை மட்டும் கேட்பதில்லை. எவனுடைய பூட்ஸ் அடி பிரிந்திருக்கிறது, எவன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, எவனுக்கு ஊரிலிருந்து கெட்ட செய்தி வந்திருக்கிறது என்பதெல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் அவருக்குத் தெரிந்துவிடும். சண்டையில் சிப்பாய் நிற்பதும் ஓடுவதும் பெரும்பாலும் இந்தக் கவனிப்பைப் பொறுத்தவை.

அமெரிக்கா கட்டியெழுப்பிய ஈராக் படை காத்த மொசூல் நகரம் 2014 ஜூனில் ஐ.எஸ். தீவிரவாதிகளிடம் வீழ்ந்தது. அதே ஆண்டின் இறுதியில், சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்த 50,000 சிப்பாய்களைக் கண்டுபிடித்திருப்பதாக ஈராக் பிரதமர் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். எந்தப் படையிலும் தன் பொறுப்பிலுள்ள சிறு குழுவான செக்‌ஷனில் எத்தனை தலை இருக்கிறது என்பது ஹவில்தாருக்குத் தெரியாமல் போகாது. தெரிந்ததைச் சொல்ல அவருக்கு அதிகாரம் இருக்கிறதா என்பதே கேள்வி. சோவியத் மரபில் வளர்ந்த படைகளில் நம் ஹவில்தார் செய்யும் வேலையை லெப்டினன்டே செய்வார். சார்ஜண்ட் பெயரளவில்தான் இருப்பார். அந்தப் பழக்கம் ஊறிய இடத்தில் மூன்று மாத வகுப்பு நடத்திப் பதவிப் பட்டை தைத்துக் கொடுத்தால் ஹவில்தார் உருவாகிவிட மாட்டார். எனக்கு நாயக் பட்டை கிடைக்கவே ஒன்பது ஆண்டுகள் ஆயின. பயிற்சி தரும் வெளிநாட்டுக்காரரோ ஓராண்டுக்குள் மாற்றலாகி வீடு திரும்பிவிடுவார்.

பதில் 2 (வரலாற்று ஆசிரியர், மதுரை):
சுபேதார் ஐயா கூறியதை ஏற்கிறேன்; ஆனால் அதிகாரத்தைக் கொடுப்பதில் இருக்கும் சிக்கலை மாணவர் நம் ஊரிலேயே காணலாம். 1758இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் சிப்பாய்களைப் பட்டாலியன்களாகத் திரட்டியபோது, ஆங்கிலேய அதிகாரிகள் மிகச் சிலரே. சிப்பாயின் மொழியில் பேசி அவனை வரிசையில் நிறுத்தியவர்கள் உள்ளூர் அதிகாரிகளான சுபேதார்களும் ஜமேதார்களும்தான். அவர்களுள் தலைசிறந்தவராக உயர்ந்த யூசுப் கான் (மருதநாயகம்) மதுரையை நிர்வகித்தார். பிறகு ஆற்காடு நவாபுக்கும் கம்பெனிக்கும் அடங்க மறுத்து முற்றுகையைத் தாங்கி நின்றார். 1764 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார். சம்மட்டிபுரத்தில் அவருடைய அடக்கத்தலம் இருக்கிறது, ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுங்கள். அடுத்தவர் நாட்டில் படை கட்டுபவருக்குத் திறமையான கீழ்மட்டத் தலைவர் தேவை. அவரே ஒருநாள் சொந்தமாக முடிவெடுத்துவிடுவாரோ என்ற அச்சமும் உடன் இருக்கும். வானொலித் தொடர்புக் கருவியையும் விமானத் தாக்குதலை அழைக்கும் வேலையையும் வெளிநாட்டு ஆலோசகர்கள் தங்கள் கையிலேயே வைத்துக்கொள்வதற்கு இந்த அச்சமும் ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

மாணவர்:
இருவருக்கும் நன்றி. அப்படியானால், பயிற்சியாளர் முதலில் ஹவில்தாரிடம் போவதா, அவருடைய அதிகாரியிடம் போவதா ஐயா?

பதில் (ஓய்வுபெற்ற சுபேதார், பேரையூர்):
அதிகாரியிடம்தான் தம்பி. லெப்டினன்டைத் தாண்டி அவருடைய ஹவில்தாரை வெளியாள் பாராட்டினால், மறுநாளே அந்த ஹவில்தார் காவல் கோபுரத்துக்கு அனுப்பப்படுவார். “இன்று ரோல் காலை உங்கள் ஹவில்தார் எடுக்கட்டும், நாம் இருவரும் பின்னால் நிற்போம்” என்று லெப்டினன்டைச் சம்மதிக்க வைக்க வேண்டும். அதற்கே சில மாதங்கள் பிடிக்கும். வெளிநாட்டு அதிகாரியோடு அவருடைய ஹவில்தாரும் வந்து, அவர்கள் இருவரும் வேலையைப் பகிர்ந்துகொள்வதை உள்ளூர் லெப்டினன்டும் ஹவில்தாரும் தினமும் கண்ணால் பார்த்தால் சற்று விரைவாக நடக்கலாம்.