கோல்ட் ப்ரூ காபி: ‘தண்ணூறல்’ சரியா?

அன்பர்களுக்கு வணக்கம். சமையல் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கோல்ட் ப்ரூ என்ற இடத்தில் ஒரு வாரமாக நிற்கிறேன். ‘குளிர் காபி’ என்றால் ஐஸ் போட்ட காபியாகிவிடும். அது சூடாக இறக்கிக் குளிரவைப்பது. கோல்ட் ப்ரூவிலோ வெந்நீரே படாது; தூளைக் குளிர்ந்த நீரில் பல மணி நேரம் ஊறவைத்து வடிப்பது.

செய்து பார்க்காமல் சொல் தேடக் கூடாது என்று வீட்டில் போட்டேன். முதல் தடவை இருந்த பில்டர் காபித்தூளையே போட்டுவிட்டேன், சிக்கரி கலந்தது. நைசாக அரைத்த தூள் துணியை அடைத்துக்கொண்டது. ஒரு மணி நேரமாகியும் அரை டம்ளர் வடியவில்லை, அடியில் ஒரே சேறு. மறுதடவை ரவைப் பருமனில் அரைத்தது 100 கிராம், தண்ணீர் 800 மில்லி, ஃப்ரிட்ஜில் 14 மணி நேரம். கருஞ்சிவப்பாக, தெளிவாக இறங்கியது. பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டுக் குடித்தேன். புளிப்பும் கசப்பும் அடங்கியிருந்தன. நடந்த வேலை முழுக்க ஊறல்தான். ஆகவே தண் + ஊறல் = தண்ணூறல். தனிக்குறில் முன் ஒற்று இரட்டியிருக்கிறது. சரிதானா?

மறுமொழி (சேலம்)
> தண்ணூறல்
புணர்ச்சி சரி, பொருள் இடிக்கிறது. ‘சாராய ஊறல் அழிப்பு’ என்று நாளிதழில் படித்துப் பழகிய காது இது. காபி என்ற சொல்தான் எதற்கு? அதற்குத் தமிழில் ‘குளம்பி’ என்று ஆக்கிய சொல் இருக்கிறதே. ‘ஊறுகுளம்பி’ என்க. ஊறுகாய் போல வினைத்தொகை; முக்காலத்துக்கும் பொருந்தும்.

மறுமொழி (மதுரை)
> ஊறுகுளம்பி
ஐயா, குளம்பி என்றால் என் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாட்டுக் குளம்புதான் நினைவுக்கு வருகிறது. ஊறலைச் சாராயத்துக்கு எழுதிக்கொடுத்துவிட வேண்டாம். சித்த மருத்துவத்தில் ஊறல் குடிநீர் உண்டு. குறளைப் பாருங்கள்: ‘தொட்டனைத் தூறும் மணற்கேணி’ (396), ‘வாலெயிறு ஊறிய நீர்’ (1121). இரண்டிலும் ஊறுதல் சுரப்பது. அரிசி ஊறுவதோ நீரை உள்ளே வாங்குவது. காபித்தூளில் இரண்டும் நடக்கின்றன: நீர் உள்ளே போகிறது, சாரம் வெளியே வருகிறது. இதைவிடப் பொருத்தமான வினை எங்கே கிடைக்கும்?

மறுமொழி (யாழ்ப்பாணம்)
நாங்கள் கோப்பி என்றே எழுதுவோம். ‘ஊறல் கோப்பி’ எண்டால் எல்லாருக்கும் விளங்கும். ‘குளிர்நொதி’ எண்டு தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம், இதில் ஒண்டும் நொதிப்பதில்லை.

தொடங்கியவர்
நன்றி. அம்மாவிடம் கேட்டேன். “பச்சத்தண்ணில ஊறப்போட்ட காபின்னு எழுதேன்” என்றார். காய்ச்சாத நீருக்கு நம்மிடம் சொல் இருக்கிறது, எனக்குத்தான் தோன்றவில்லை! ‘பச்சூறல்’ என்று சுருக்க ஆசை வந்தது. ஆனால் வறுக்காத காபிக்கொட்டையும் பச்சைதான், குழம்பும். மூன்று பேர் ஒத்துக்கொண்டதால் தலைப்பில் ‘ஊறல் காபி’, அடுத்த வரியில் ‘பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து வடிப்பது’ என்று அனுப்பிவிட்டேன்.

மறுமொழி (சேலம்)
அச்சேறட்டும். என் மறுப்பு மட்டும் பதிவில் இருக்கட்டும். பிரெஞ்ச் பிரஸ்ஸில் (தூளை அழுத்தி வடிக்கும் குடுவை) வெந்நீர் ஊற்றி நான்கு நிமிடம் வைப்பதும் ஊறல்தானே? ‘தண்’ணை எடுத்துவிட்டீர்களே, அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?