நாரி நோ மாறாமல் நிக்கிற தொழிலாளியளிட்ட என்ன கேக்கிறது? (அனுபவப் பகிர்வு)

பிசியோ, கோண்டாவில்:
வெங்காயத் தோட்டம், மேசன் வேலை, மீன்பெட்டி தூக்கிற வேலை எண்டு நாரி நோவோட வாறவையில கனபேருக்கு ஆறு கிழமைக்குள்ள நோ நல்லாக் குறையும். 12 கிழமை தாண்டினால்தான் நாள்பட்ட நோ. ஆர் தாண்டுவினம் எண்டதை முதல் வருகையிலயே ஓரளவு பிடிக்கலாம். "குனிஞ்சா என்ன நடக்கும் எண்டு நினைக்கிறியள்? நித்திரை எப்பிடி? திரும்ப வேலைக்குப் போவன் எண்ட நம்பிக்கை இருக்கோ?" இதுக்கு "வட்டு (முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையில இருக்கிற மெத்தை) விலகிட்டுது, குனிஞ்சா கால் இழுத்துப்போடும்" எண்டு பதில் வந்தா, வைத்தியம் அந்தப் பயத்தில இருந்துதான் தொடங்கவேணும். பயந்த ஆள் மூச்சை அடக்கி, ரெண்டு கையையும் துடையில ஊண்டித்தான் கதிரையால எழும்புவார். நாரிக்குக் கட்டின பெல்ட்டை இரவிலயும் கழட்டமாட்டார். நாரித் தசை ஓய்வில்லாமல் இறுகி, அதுவும் நோவைக் கூட்டும்.

எம்.ஆர்.ஐ அறிக்கையைக் குடுக்கேக்க இதையும் சேர்த்துச் சொல்லுங்கோ: நோவே இல்லாத ஆக்களின்ர ஸ்கானுகளை வைச்சு 2015 இல வந்த தொகுப்பாய்வில (பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது), 20 வயதுக்காரரில 37 வீதமானவைக்கும் 50 வயதுக்காரரில 80 வீதமானவைக்கும் வட்டுத் தேய்வு இருந்தது. தேய்வு எண்ட சொல்லை மட்டும் கேட்டுக்கொண்டு வீட்டை போறவர் மண்வெட்டியைத் திரும்பத் தொடமாட்டார்.

சமூக சுகாதாரத் தாதி, சாவகச்சேரி:
அக்கா, அதோட கடனையும் கேக்கவேணும். நாள்கூலிக்கு லீவுச் சம்பளம் இல்லை, நுண்கடன் தவணையோ கிழமைக்குக் கிழமை வரும். ஆள் பாதி சுகத்தோட போய் ஒரு நாள் முழுக்க 50 கிலோ சீமெந்துப் பை தூக்குவார், பிறகு மூண்டு நாள் படுப்பார். மருந்து சரியில்லை எண்டு நாங்கள் மருந்தை மாத்திக்கொண்டிருப்பம். மனுசி முன்னால கடன் கதை வராது, தனிய இருத்திக் கேளுங்கோ. இடம்பெயர்வில ஆக்களை இழந்தவையும் நாரி நோ எண்டுதான் வருவினம். விடியப்புறம் மூண்டு நாலு மணிக்கே முழிப்பு, சாப்பாட்டில மனமில்லை எண்டா மனநலக் கிளினிக்குக்கும் கடிதம் குடுங்கோ. "உங்கட நோ உண்மை" எண்டு முதல் சொல்லிப்போட்டுக் குடுங்கோ. சொல்லாமல் அனுப்பினா, தன்னை விசர் எண்டு நினைச்சிட்டினம் எண்டு ஆள் திரும்ப வரவே மாட்டார்.

வேலைத்தலமும் லேசுப்பட்ட காரணமில்லை. அமெரிக்காவில விமானம் செய்யிற போயிங் கம்பனித் தொழிலாளர் 3,020 பேரை வைச்சுச் செய்து 1991 இல வெளிவந்த ஆய்வில, தங்கட வேலை அநேகமாப் பிடிக்கிறதே இல்லை எண்டவை நாரிக் காயம் எண்டு முறையிட்டது, வேலை அநேகமா எப்பவும் பிடிக்கும் எண்டவையை விட 2.5 மடங்கு.

கட்டட வேலை மேற்பார்வை, நல்லூர்:
ஆளைத் திரும்ப எடுக்கிற முறையிலதான் கனக்கப் பிழைக்குது. "முழுச் சுகம் வந்தாப்பிறகு வா" எண்டாலும் கெடும், வந்த நாளே முழு வேலை குடுத்தாலும் கெடும். நோ கூடின நாளில அவரால எவ்வளவு நேரம் குனிஞ்சு நிக்க ஏலும் எண்டு பாருங்கோ. பத்து நிமிசம் எண்டா எட்டில தொடங்கி, நிமிர்ந்து நிக்கிற வேலைக்கு மாத்தி, பிறகு திரும்பக் குனிய விடுங்கோ. கிழமைக்கு ஒண்டு ரெண்டு நிமிசம் கூட்டினாக் காணும். நிப்பாட்டிறது மணிக்கூட்டைப் பார்த்து. நோவைப் பார்த்து நிப்பாட்டினா, நல்ல நாளில அளவு மீறிச் செய்து அடுத்த நாள் விழுந்திடுவார். பையைப் பிரிச்சு வாளியில 12 கிலோ அளவில அள்ளக் குடுங்கோ. "நடிக்கிறான்" எண்ட பேச்சு எழும்ப முதலே, இது நான் போட்ட ஒழுங்கு எண்டு மற்றவையிட்டச் சொல்லிப்போடவேணும். அந்தப் பேச்சுக்குப் பயந்து, ஏலாத பாரத்தைத் தூக்கிறவை இருக்கினம்.

பிசியோ, கோண்டாவில்:
தம்பி சொன்ன ஒழுங்கைத் தொடங்க முதல் இதைப் பாருங்கோ. சலம் போகாமல் அடைக்குது அல்லது தெரியாமல் போகுது, கதிரையில இருக்கேக்க படுற உடம்புப் பகுதி மரத்திருக்கு, கால் பலம் குறைஞ்சுகொண்டு போகுது எண்டா அண்டைக்கே யாழ் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பவேணும். காய்ச்சலோட மெலிவு, முந்திப் புற்றுநோய் வந்தது, மரத்தால அல்லது கட்டடச் சாரத்தால விழுந்தது எண்டாலும் வைத்தியரிட்டக் காட்டாமல் பயிற்சி தொடங்கவேண்டாம்.