மலிவான மேனுவல் மேக்ரோ லென்ஸ்: எதைப் பார்த்து வாங்குவது?

லென்ஸின் மேல் ‘மேக்ரோ’ என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. பழைய ஜூம் லென்ஸ்களில் அந்த எழுத்துக்குப் பெரும்பாலும் 1:4 என்றுதான் பொருள், அதாவது சென்சாரில் விழும் உருவம் அசல் அளவில் கால்பங்கு. ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் அகலம் 36 மி.மீ. என்பதால், 1:4-இல் 144 மி.மீ. அகலமுள்ள பரப்பு படத்தில் விழும், 1:2-இல் 72, 1:1-இல் 36. பட்டாம்பூச்சிக்கு 1:2 தாராளம். எறும்பின் தலை வேண்டுமென்றால் 1:1-கூடப் பற்றாது. என்ன எடுக்கப்போகிறோம் என்று முடிவு செய்யாமல் லென்ஸ் தேடுவது வீண் அலைச்சல்.

•

ஃபோகஸைக் கையால் திருப்பும் பழைய மேனுவல் மேக்ரோக்கள் பல 1:2-இல் நின்றுவிடும். நிக்கானின் மைக்ரோ நிக்கோர் 55 மி.மீ., ஒலிம்பஸ் ஓஎம் 50 மி.மீ. எஃப் 3.5, டாம்ரான் 90 மி.மீ. எஃப் 2.5 எல்லாம் அப்படித்தான். இதைக் குறையாக நினைத்து ஒதுக்க வேண்டாம். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் எக்ஸ்டென்ஷன் டியூப் என்ற குழாயை மாட்டினால் பெருக்கம் கூடும். கணக்கு எளிது: டியூப்பின் நீளத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் (லென்ஸில் எழுதியிருக்கும் மி.மீ. எண்) வகுத்தால், கூடுதலாகக் கிடைக்கும் பெருக்கம் வந்துவிடும். நிக்கானின் பிகே 13 டியூப் 27.5 மி.மீ. அதை 55-ஆல் வகுத்தால் 0.5. லென்ஸின் சொந்த 0.5-உடன் சேர்ந்து 1:1. அதே வேலைக்கு 90 மி.மீ. லென்ஸுக்கு 45 மி.மீ. டியூப் வேண்டும். டியூப்புக்குள் கண்ணாடி கிடையாது, வெறும் காற்றுதான். ஆகவே மலிவான டியூப்பே போதும், மாட்டும் பகுதியான மவுண்ட் ஆடாமல் இருந்தால் சரி.

•

கணக்கு சரிதான். ஆனால் டியூப்பால் வாங்க முடியாத ஒன்று உண்டு: லென்ஸ் முனைக்கும் பூச்சிக்கும் நடுவிலுள்ள இடைவெளி. 55 மி.மீ. லென்ஸை 1:1-க்குக் கொண்டுபோனால் அது ஏறக்குறைய 5 செ.மீ.தான் இருக்கும். லென்ஸின் நிழலே பொருளின் மேல் விழும், ஃபிளாஷ் வெளிச்சம் உள்ளே நுழையாது, தும்பி எழுந்து போய்விடும். நாணயம், தபால்தலை, ஸ்லைடு நகல் எடுக்க 50, 55 அருமை. உயிருள்ளவற்றுக்கு 90 முதல் 105 வரை பாருங்கள். டாம்ரானில் இன்னொரு வசதி, அடாப்டால் 2 மவுண்ட் தனியாகக் கழலும். நாளை கேமரா மாறினாலும் மவுண்டை மட்டும் மாற்றினால் போதும். முதலிலிருந்தே 1:1 வேண்டுமென்றால் பழைய கிரான் 105 மி.மீ. எஃப் 2.8 இருக்கிறது. புதிதாகத்தான் வாங்குவேன் என்பவர்களுக்கு டிடிஆர்ட்டிசான் 40 மி.மீ. 1:1 தரும், ஆனால் அதிலும் இடைவெளிச் சிக்கல் அப்படியே.

•

பழையதை வாங்குபவர்கள் கவனிக்க: பின்பக்கமாகச் சிறு டார்ச் அடித்து, முன்பக்கம் சற்றே சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலைபோலக் கிளைத்திருந்தால் ஃபங்கஸ், அதாவது பூஞ்சை. ஒரே சீராகப் பால் படிந்ததுபோல் இருந்தால் ஹேஸ், கான்ட்ராஸ்டை அதுதான் முதலில் குடிக்கும். நான்கைந்து தூசிகளால் ஒன்றும் கெடாது.

அடுத்து அப்பர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் துளையை இதழ்களால் திறந்து மூடும் பகுதி. எஃப் எண் கூடக்கூடத் துளை சிறிதாகும். வளையத்தை எஃப் 16-இல் வைத்து, பின்னாலுள்ள நெம்புகோலைத் தள்ளி விடுங்கள். இதழ்கள் ‘சடக்’கென்று மூட வேண்டும். சோம்பலாக நகர்ந்தால் எண்ணெய் கசிந்திருக்கிறது. மைக்ரோ நிக்கோர் 55 எஃப் 2.8-இல் இது தெரிந்த நோய். எஸ்எல்ஆர் கேமராவில் ஷட்டர் திறக்கும் நேரத்துக்குள் இதழ் மூடாததால் படம் வெளுக்கும். உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவில் அடாப்டர் போட்டு மாட்டினால் இதழ்கள் முன்கூட்டியே மூடியிருக்கும், அதனால் மெதுவான இதழ் அவ்வளவு தொந்தரவு தராது. முழுதாக ஒட்டிக்கொண்டது எங்கும் உதவாது.

கடைசியாக ஃபோகஸ் வளையத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை திருப்புங்கள். கிரீஸ் காய்ந்து இறுகியிருந்தால், திருப்பும்போதே கேமரா அசைந்து ஃபிரேம் நழுவும்.

•

மிரர்லெஸ்ஸில் ‘லென்ஸ் இல்லாமல் ஷட்டர் இயங்கட்டும்’ என்ற அமைப்பை மெனுவில் இயக்குங்கள். பாடிக்குள்ளேயே கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசர் இருந்தால் குவியத் தூரத்தையும் கையால் பதியுங்கள். நிக்கானின் டி3000, டி5000 வரிசை கேமராக்களில் இந்த லென்ஸ்களுக்கு வெளிச்சம் அளக்கும் மீட்டர் வேலை செய்யாது. எல்லாவற்றையும் கையால் வைக்கும் எம் மோடில், வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

•

எஃப் 16, 22 என்று மூடிக்கொண்டே போனால் கூர்மை கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். 1:1-இல் நீங்கள் வைக்கும் எண் நடைமுறையில் இரட்டிப்பாகும். வளையத்தில் எஃப் 8 என்றால் சென்சாருக்கு அது எஃப் 16, வெளிச்சத்தில் 2 ஸ்டாப் குறைவு, அதாவது கால்பங்குதான். எஃப் 16 வைத்தால் 32 ஆகி, சிறு துளையில் ஒளி பரவிப்போகும் டிஃப்ராக்‌ஷன் எல்லாவற்றையும் மெழுகிவிடும். எஃப் 8-இல் ஃபுல் ஃப்ரேமில் தெளிவான ஆழம் கிட்டத்தட்ட 1 மி.மீ.தான். அதனால் வளையத்தைத் திருப்பி ஃபோகஸ் தேடாதீர்கள். வேண்டிய பெருக்கத்தில் வளையத்தை நிறுத்திவிட்டு, உடம்பை முன்னும் பின்னும் இம்மியளவு அசைத்து, பூச்சியின் கண் தெளியும் நொடியில் தொடர்ச்சியாக நாலைந்து அழுத்துங்கள். ஃபோகஸ் ஆன விளிம்புகளைத் திரையில் காட்டும் பீக்கிங் வண்ணக்கோடு இந்த ஆழத்துக்குத் தடிமனானது, அதை நம்பாமல் திரையைப் பெரிதாக்கிப் பாருங்கள். காற்றடித்தால் ஃபிளாஷும் அதன்முன் வெளிச்சத்தை மென்மையாக்கும் ஒரு டிஃப்யூசரும் இல்லாமல் முயல வேண்டாம்.