சின்ன வெங்காயம் மழையில் அழுகுகிறது, என்ன செய்யலாம்?

வணக்கம். கடலூரில் தரைத்தள வீடு. ஐப்பசி தொடக்கத்தில் 10 கிலோ சின்ன வெங்காயம் வாங்கினேன். தோல் நன்றாகக் காய்ந்த, கெட்டியான பழைய வெங்காயம்தான். முதல் பத்து நாள் ஒரு குறையும் இல்லை. மழை பிடித்த பிறகு மேல்தோலில் கரித்தூள் மாதிரி கறுப்புப் பூஞ்சை. கழுத்துப் பக்கம் அழுத்தினால் கொழகொழவென்று உள்ளே போகிறது. இப்போது மூன்றாவது வாரம், 2 கிலோவுக்கு மேல் குப்பைக்குப் போய்விட்டது. மனசு தாங்கவில்லை.

சாக்கிலிருந்து எடுத்து மூங்கில் கூடையில் பரப்பினேன். உருளைக்கிழங்கை வேறு அறைக்கு மாற்றினேன். தினமும் கெட்டதைப் பொறுக்கி எடுக்கிறேன். இரவில் ஃபேன் போட்டால் ஓரளவு பலன் தெரிகிறது, ஆனால் கரண்ட் போனால் மறுபடி ஈரம். ஃப்ரிட்ஜில் கொஞ்சம் வைத்துப் பார்த்தேன். நீர் கோத்து முளைவிட்டதுதான் மிச்சம். காயவைக்கலாம் என்றால் வெயிலே கண்ணில் படவில்லை. தாள் அறுத்த வெங்காயம் என்பதால் கொத்தாகக் கட்டித் தொங்கவிடவும் வழியில்லை.

இன்னும் ஏறக்குறைய 7 கிலோ நல்ல நிலையில் இருக்கிறது. கடலோர ஊரில், அடைமழையில், சின்ன வெங்காயத்தை மார்கழி வரை கெடாமல் காப்பாற்றியவர்கள் எதில் போட்டு, வீட்டில் எந்த இடத்தில் வைத்தீர்கள்?