கார் மீட் போட்டாலே போலீஸ் வந்து கலைச்சு விடுறாங்க, என்ன பண்றது?

நாங்க 20, 22 வயசு பசங்க ஒரு பதினஞ்சு பேர், மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை காலைல காலியா கிடக்குற பார்க்கிங்ல காரை நிறுத்தி பானெட்டைத் தொறந்து வச்சு பேசிட்டு இருப்போம், அவ்ளோதான். ரேஸ், டிரிஃப்ட் எதுவும் கிடையாது. ஆனா மூணு மாசமா ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரத்துல போலீஸ் வந்து கெளம்புங்கன்னுடுறாங்க.

போன தடவை என்னோட 2004 மாஸ்டா எம்எக்ஸ்-5 கார் பின்னாடி போலீஸ்காரர் ஒருத்தர் குனிஞ்சு சைலன்சர் பைப்பை விரலால தட்டிப் பாத்துட்டு சத்தம் ஜாஸ்தின்னு எழுதிக் கொடுத்துட்டாரு, அப்ப இன்ஜினே ஓடல. நின்ன வண்டியோட எக்ஸாஸ்ட் சத்தத்தை அளக்க ஐஎஸ்ஓ 5130ன்னு ஒரு முறையே இருக்கு, பைப் முனைலேர்ந்து 0.5 மீட்டர்ல 45 டிகிரி கோணத்துல மைக் வைக்கணும். அவர்கிட்ட மீட்டரே இல்ல. எனக்கு ரொம்ப வலிச்சுது.

இடத்தோட ஓனர்கிட்ட எழுத்துல அனுமதி வாங்கியாச்சு, ஆக்சிலரேட்டரை மிதிச்சு சத்தம் போடுறவனை அடுத்த தடவை சேக்கறதில்ல, வீடுங்க இல்லாத இடத்துக்கும் மாத்திட்டோம். ஸ்டேஷன்ல நேர்ல போயும் சொன்னோம், சரின்னாங்க, ஆனா அன்னிக்கு டூட்டில வந்தவருக்கு அது தெரியவே இல்ல. ராத்திரி ரோட்டுல டயர் தேய்க்கிற இன்னொரு கூட்டம் இருக்கு, அவங்க மேல ஜனங்களுக்கு இருக்கிற கோவம் நியாயம்தான், ஆனா எங்களையும் அதே கணக்குல சேக்குறாங்க.

அடுத்த மீட்டுக்கு மூணு வாரம் இருக்கு. யாராச்சும் போலீஸ்கிட்ட முன்கூட்டியே எழுத்துல ஒப்புதல் வாங்கி மீட் நடத்திருந்தா, லெட்டர்ல என்னென்ன எழுதி யார்கிட்ட கொடுத்தீங்க?