ஸ்டாப் மோஷன் படத்தில் நம்மைத் தொடுவது கதையா, கைவேலையா?

மரப்பாச்சி:

கியர்மோ டெல் டோரோவின் பினோக்கியோ (2022) என்ற ஸ்டாப் மோஷன் படத்தை இரண்டாவது முறையாகப் பார்த்தேன். மகனைப் பறிகொடுத்த ஜெப்பெட்டோ, அவன் சமாதிக்குப் பக்கத்தில் வளர்ந்த மரத்தைக் குடிபோதையில் ஆத்திரத்தோடு வெட்டிச் சாய்த்துப் பொம்மை செய்கிற காட்சியில் இந்த முறையும் தொண்டை அடைத்துவிட்டது. அதற்கப்புறம் படம் உருவான விதத்தைக் காட்டும் காணொளியைப் பார்த்தேன். ஒருவர் பொம்மையின் கையை மயிரிழை அளவு நகர்த்துகிறார், ஒரு புகைப்படம் எடுக்கிறார், மறுபடி நகர்த்துகிறார், இதுதான் ஸ்டாப் மோஷன். அதிலிருந்து ஒரு கேள்வி அரித்துக்கொண்டே இருக்கிறது. என்னை உலுக்கியது கதைதானா, இல்லை இத்தனை பேர் இத்தனை பொறுமையாக உட்கார்ந்து செய்திருக்கிறார்களே என்ற மலைப்பா? எப்படி எடுத்தார்கள் என்று எதுவுமே தெரியாமல் பார்க்கிற ஒருவருக்கும் இந்தக் கைவேலை போய்ச் சேருமா? இதே கதையைக் கணினியில் செய்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? இந்தத் துறை தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்களேன்.

ஆணியும் கம்பியும்:

சின்ன அளவில் இந்த வேலையைச் செய்து பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், கட்டாயம் போய்ச் சேரும். ஆனால் பலரும் நினைக்கிற வழியில் இல்லை. இந்தப் பேச்சு வந்தாலே எல்லோரும் ஃப்ரேம் கணக்கைத்தான் எடுப்பார்கள், ஃப்ரேம் என்றால் அப்படி எடுக்கிற ஒவ்வொரு புகைப்படம். நொடிக்கு 24 ஃப்ரேம், 90 நிமிடப் படத்துக்கு 1,29,600. ஒரு நிலையை இரண்டு ஃப்ரேமுக்கு வைத்தாலும் 64,800 தடவை பொம்மையைத் தொட்டாக வேண்டும். பெரிய எண்தான், ஆனால் யாரும் எண்ணைப் பார்த்து அழுவதில்லை.

கணினியில் முக்கியமான நிலைகளை முதலில் வைத்துவிட்டு நடுவில் இருப்பதை அப்புறம் நிரப்பலாம், பிடிக்காவிட்டால் நாளைக்கு வந்து தோள்பட்டையை மட்டும் திருத்தலாம். பொம்மையோடு வேலை செய்யும்போது முதல் ஃப்ரேமிலிருந்து முன்னால் மட்டும்தான் போக முடியும். நடுவில் தலை நினைத்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் திரும்பிவிட்டது என்று வையுங்கள், ஷாட்டை முதலிலிருந்து எடுக்க வேண்டும், அல்லது அந்தத் திருப்பத்தையே அந்தப் பாத்திரத்தின் ஒரு தயக்கமாக மாற்றி மேலே கொண்டுபோக வேண்டும். கைதேர்ந்த அனிமேட்டர்கள், அதாவது பொம்மையை அசைக்கிறவர்கள், இரண்டாவதைச் செய்வார்கள். அதனால் ஒவ்வொரு ஷாட்டும் ஒரு மனிதர் மிக மெதுவாக நடித்து முடித்த நடிப்பு. தொழில்நுட்பம் தெரியாதவருக்கும் அது தெரியும், ஏன் என்று சொல்லத்தான் வராது.

இன்னொன்று, பொம்மை உண்மையான இடத்தில், உண்மையான விளக்கின் கீழ் நிற்கிறது. நடக்கும் காட்சியில் ஊன்றிய பாதத்தைத் தரைக்கு அடியிலிருந்து திருகாணி போட்டு இறுக்கியிருப்பார்கள், இல்லையென்றால் விழுந்துவிடும். வெளிச்சம் துளி மாறினாலும் திரையில் மினுக்கும் என்பதால் கேமராவில் தானியங்கி வசதி எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும், அனிமேட்டர் போட்டிருக்கிற வெளிர்நிறச் சட்டை கூட ஒளியைத் திருப்பி அனுப்பும், அதனால் கறுப்புச் சட்டைதான் பாதுகாப்பு. இவ்வளவு கவனத்துக்கும் பலன், அந்த உலகத்தின் எடையையும் நிழலையும் நம் கண் கேள்வி கேட்காமல் நம்பிவிடுகிறது.

கதைக்கு வந்தால், வாலஸ் அண்ட் குரோமிட் களிமண் படங்களை எடுத்த நிக் பார்க்கின் குரோமிட் நாய்க்கு வாயே கிடையாது. ஆரம்பத்தில் அதற்கும் குரல் வைக்கத்தான் நினைத்திருந்தார். புருவ மேட்டைக் கொஞ்சம் அழுத்தினாலே எல்லாம் தெரிகிறது என்று கண்டதும் பேச்சை விட்டுவிட்டார். களிமண் கொடுத்த பதில் அது, எழுதும் மேசையில் கிடைத்திருக்காது.

திரைமறைவு:

மேலே சொன்னதில் பாதிக்கு ஒத்துப்போகிறேன். உழைப்புக்குத் தனியாக மதிப்பெண் போடுகிற பழக்கம்தான் எனக்கு ஒத்துவராது. அருமையான செட், விரல் நுனி அளவு சட்டை, பின்னல் எல்லாம் இருந்தும் இரண்டாம் பாதியில் கதை தள்ளாடுகிற படங்கள் இருக்கின்றன, "கையால் செய்தார்களாக்கும்" என்று அவற்றை மன்னித்துவிடுகிறோம். கைவேலை கதையின் பொருளுக்குள் நுழைந்தால்தான் எனக்குக் கணக்கு.

ஒரு ஒப்பீடு சொல்கிறேன். முகபாவம் மாற, முகத்தை நெற்றிப் பகுதி, வாய்ப் பகுதி என்று பிரித்து, முப்பரிமாணமாக அச்சிட்ட துண்டுகளை மாற்றி மாற்றிப் பொருத்துவது இப்போது பழக்கமான முறை. இரண்டு துண்டும் சேரும் இடத்தில் ஒரு கோடு விழும். கோரலைனில் (2009) அந்தக் கோட்டைப் பிறகு கணினியில் அழித்துவிட்டார்கள். அனோமலிசாவில் (2015) அழிக்காமல் அப்படியே விட்டார்கள். ஏன் என்று படம் பார்த்தால் புரியும். அதன் நாயகனுக்கு உலகத்தில் எல்லோருக்கும் ஒரே முகம், ஒரே குரல், ஒரே ஒரு பெண்ணைத் தவிர. முகம் என்பதே கழற்றி மாட்டுகிற தகடாகத் தெரிகிற ஒருவனின் கதைக்கு அந்தக் கோடு அவசியம். ஒரு கனவுக் காட்சியில் அவனுடைய முகத் துண்டே கழன்று விழுகிறது. இதைக் கணினியில் வழவழப்பாகச் செய்திருந்தால் வெறும் வித்தையாகப் போயிருக்கும். கோரலைனில் அழித்ததும் சரிதான், அங்கே பயமே வேறு இடத்தில் இருக்கிறது, பொத்தான் தைத்த கண்களில்.

நூல்கண்டு:

ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை. இந்த முறை கதையை எழுதுகிற விதத்தையே மாற்றிவிடுகிறது. நடிகர்களை வைத்து எடுக்கும் படத்தில் ஒரே காட்சியை மூன்று கோணத்தில் எடுத்து வைத்துக்கொண்டு எடிட்டிங்கில் கதையைத் தேடலாம். இங்கே ஒரு அனிமேட்டர் ஒரு வாரம் முழுக்க வேலை செய்தாலும் சில நொடிகள்தான் கிடைக்கும், தூக்கிப்போட ஒரு ஷாட்டும் எடுக்க முடியாது. அதனால் ஸ்டோரிபோர்டை, அதாவது காட்சி காட்சியாக வரைந்த படங்களை, வரிசையாக ஓடவிட்டு, தற்காலிகக் குரலும் இசையும் சேர்த்து, அனிமேட்டிக் என்று முழுப் படத்தையும் முதலிலேயே வெட்டி ஒட்டிப் பார்த்துவிடுகிறார்கள். ஒரு பார்வை, ஒரு பெருமூச்சு கூட முன்பே முடிவு செய்தது. நல்ல ஸ்டாப் மோஷன் படங்களில் தேவையில்லாத காட்சி அரிதாக இருப்பதற்குப் பெரிய காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

முகம் அசையவே வேண்டும் என்பதும் கிடையாது. செக் நாட்டு யிரி த்ரன்காவின் பொம்மைகளுக்கு வரைந்த முகம்தான், மாறவே மாறாது. வெளிச்சத்தையும் கோணத்தையும் மாற்றியே துக்கத்தையும் அச்சத்தையும் வரவழைத்தார். "கை" என்ற அவரது 1965 குறும்படத்தில் பானை வனைகிற ஒரு சின்னக் கலைஞனை, தன் சிலையைச் செய்யச் சொல்லி ஒரு பெரிய கை மிரட்டுகிறது. அந்தக் கை மட்டும் நிஜமான மனிதக் கை. பொம்மைப் படத்தில் அதிகாரத்தை இதைவிடச் சரியாக யாரும் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை. முகம் மாறாத அந்தப் பொம்மை ஜன்னலைச் சாத்துவதற்கு ஓடும்போது நமக்குப் பதறுகிறது.

மரப்பாச்சி:

எல்லோருக்கும் நன்றி. முன்னால் மட்டும் போகும் நடிப்பு என்பதை மனதில் வைத்துக்கொண்டு பினோக்கியோவில் சில காட்சிகளை ஓட்டிப் பார்த்தேன். அந்தப் பையன் உட்காருவதற்கு முன் தடுமாறுவது, வேண்டாத இடத்தில் உடம்பை ஆட்டுவது எல்லாம் இப்போது தனியாகத் தெரிகின்றன. ஆனால் திரைமறைவு சொன்னதை வைத்துப் பார்த்தால் அந்தப் படத்தில் கைவேலை கதைக்குள்ளேயேதானே இருக்கிறது? அரைகுறையாகச் செதுக்கிய ஒரு பொம்மையைத் தன் இறந்த மகன் மாதிரி ஆக்கப் பார்க்கிறார் அப்பா. அதை வழவழப்பாக்காமல் விட்டதே படம் சொல்ல வருவது. அனோமலிசாவும் "கை"யும் பட்டியலில் சேர்ந்தாகிவிட்டது. வேறு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

திரைமறைவு:

ஆமாம், பினோக்கியோவை நானும் அந்தப் பக்கம்தான் வைப்பேன். அடுத்ததாக ஆடம் எலியட்டின் மேரி அண்ட் மேக்ஸ் (2009) பாருங்கள். ஆஸ்திரேலியாவில் ஒரு சிறுமி, நியூயார்க்கில் ஒரு நடுவயதுக்காரர், இடையில் கடிதங்கள் மட்டும். அவள் உலகம் முழுக்கப் பழுப்பு, அவருடையது முழுக்கச் சாம்பல், அவள் அனுப்புகிற ஒரு சின்னச் சிவப்புக் குஞ்சம் அந்தச் சாம்பலுக்குள் வந்து சேருவதைக் கவனியுங்கள். களிமண் படம் என்று நினைத்து வீட்டில் குழந்தைகளை உட்கார வைத்துவிடாதீர்கள், தனிமையும் தற்கொலையும் அதில் நேரடியாகவே வருகின்றன.