பொருள்: கீழே கிடந்து போரிடும் நிலைக்குத் தமிழில் என்ன பெயர்?

தண்டையார்பேட்டை, மொழிபெயர்ப்பாளர்:

அன்புள்ள குழுவினருக்கு, ஜப்பானியச் சண்டைக் காமிக்ஸ் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். திங்கட்கிழமை பக்கங்களை ஒப்படைக்க வேண்டும். குத்தும் உதையும் வரும் இடங்களில் தொல்லையே இல்லை. குத்துச்சண்டைப் பரம்பரைகள் வளர்ந்த வடசென்னையில் அதற்குச் சொல் பஞ்சமா? தரைச் சண்டையில்தான் திணறுகிறேன். ஒருவன் மல்லாந்து கிடக்கிறான். மேலே இருப்பவனின் இடுப்பை இரு கால்களாலும் வளைத்துக் கணுக்கால்களைக் கோத்துக்கொள்கிறான். அவன் தோற்கவில்லை, அங்கிருந்தே தாக்குகிறான். ஆங்கிலத்தில் இதைக் கார்டு என்கிறார்கள். அப்படியே எழுதினால் வாசகர் ரேஷன் கார்டைத்தான் நினைப்பார். பேச்சுக் குமிழிக்குள் அடங்கும் சிறிய சொல் வேண்டும். ‘காலணை’ என்று வைத்திருக்கிறேன். அணைப்பதும் அணைபோடுவதும் அதில் உண்டு. பொருந்துமா?

திருவொற்றியூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, காலணைக்கும் காலணிக்கும் இடையே ஓர் எழுத்துதான். அச்சில் அது பிசகினால் வீரன் எதிரியைச் செருப்பால் வளைத்தான் என்றாகிவிடும். ‘காற்பிணை’ என்று எழுதுங்கள்.

மற்போர் நமக்குப் புதிதன்று. புறநானூற்றின் 80ஆம் பாட்டைப் பாருங்கள். ஆமூர் மல்லனைச் சோழன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளி வீழ்த்தியதைச் சாத்தந்தையார் பாடுகிறார்: ‘ஒருகால் மார்பொதுங் கின்றே ஒருகால் வருதார் தாங்கிப் பின்னொதுங் கின்றே’. ஒரு கால் மார்பில் மண்டியிடுகிறது. மற்றக் கால் அவன் செய்யும் சூழ்ச்சியைத் தடுத்து முதுகுப் பக்கம் வளைகிறது. எந்தக் கால் எங்கே என்று சொல்லிவிட்டுத்தான் புலவர் யானை உவமைக்கே போகிறார். மல்லாத்துதல் என்ற சொல்லும் மல் என்ற வேரில் பிறந்ததே. மல்லன் செய்வது மல்லாத்தல்.

வியாசர்பாடி, ஜூடோ பயிற்சியாளர்:

ஐயா, அந்தப் பாட்டை மாணவர்களுக்குப் படித்துக் காட்டினேன். மார்பில் முழங்காலை ஊன்றி அழுத்துவதை இன்றும் தினமும் பழகுகிறோம். ஆனால் பாட்டில் கால்கள் மேலே இருப்பவனுடையவை. தம்பி கேட்பது கீழே கிடப்பவனின் கால்களை. அந்நிலையின் பெருமையே அதுதான். 1882இல் கானோ ஜிகோரோ நிறுவிய கோடோகான் பள்ளியின் ஜூடோவை, அங்கே பயின்ற மயேதா 1914இல் பிரேசிலுக்குக் கொண்டுபோனார். அங்கே கிரேசி குடும்பம் தரைச் சண்டையை வளர்த்தெடுத்தது. 1993இல் டென்வரில் நடந்த முதல் யூஎஃப்சி என்ற கலப்புச் சண்டைப் போட்டியில் ராய்ஸ் கிரேசி தன்னைவிடக் கனமானவர்களைத் தரைக்கு இழுத்துப் பணியவைத்த பிறகுதான், கீழே கிடப்பவனும் வெல்வான் என்பதை வெளியுலகம் நம்பியது.

பிணை என்றால் மக்களுக்கு ஜாமீன். கால்கட்டு என்றால் கல்யாணம். எங்கள் பயிற்சிக் கூடத்தில் பையன்கள் ‘காலைப் பின்னு’ என்றுதான் கத்துகிறார்கள். ‘கால்பின்னல்’ போதும்.

இன்னொன்று, கழுத்தைப் பிடிக்கும் காட்சியில் ‘குரல்வளையை நெரித்தான்’ என்று எழுதிவிடாதீர்கள். முறையான பிடி கழுத்தின் இரு பக்கத் தமனிகளை அழுத்துகிறது. மூளைக்கு இரத்தம் குறைந்து, ஏறக்குறைய 10 நொடியில் நினைவு போய்விடும். மூச்சுக்குழாய்க்கு அங்கே வேலையே இல்லை. பூட்டும் பிரிவும் நம் பிடிவரிசையில் உள்ள சொற்கள்தாமே, ‘கழுத்துப் பூட்டு’ என்றே எழுதலாம். அந்தப் பிடியில் மாட்டிக்கொண்டு வீரன் இரண்டு பக்கத்துக்கு வசனம் பேசுவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

இராயபுரம், ஓவியர்:

அண்ணா, காமிக்ஸில் நினைவோட்டத்துக்குக் கடிகாரம் கிடையாது. இரண்டு பக்க நினைவு இரண்டு நொடியில் நடந்ததாகவே வாசகர் கொள்வார். மெய்ம்மை எங்கே கெடுகிறது என்றால், பிடி எங்கே தொடங்கியது என்று தெரியாமல் வரையும்போதுதான். குத்துக்கு வேகக் கோடு போட்டுத் தப்பிக்கலாம். தரையில் எதுவும் வேகமாக நகர்வதில்லை. யாருடைய முழங்கை, எதன் மேல் எடை என்பது ஒரே பார்வையில் புரிய வேண்டும். ஒலிக்கும் அப்படித்தான். மூட்டு நெரிபடும் இடத்தில் ஜப்பானியர் ‘கிரிகிரி’ என்று எழுதுவார்கள். அதற்கு ‘படார்’ போட்டால் காட்சியே செத்துவிடும். ‘நெறுநெறு’ போடுங்கள்.

வலமிருந்து இடமாகப் படிக்கும் ஜப்பானியப் பக்கங்களைக் கண்ணாடிப் பிம்பம்போல இடமிருந்து வலமாகத் திருப்பி அச்சிடப் போகிறார்களா? அப்படியானால் வலக்கைப் பூட்டு இடக்கைப் பூட்டாகும். ஜூடோ உடையில் இடப்பக்க மடிப்பு மேலே வரும். திருப்பினால் வலப்பக்கம் மேலே வந்துவிடும். ஜப்பானில் இறந்தவர்களுக்குத்தான் அப்படி உடுத்துவார்கள். பதிப்பாளரிடம் தயவுசெய்து சொல்லுங்கள்.

பெரம்பூர், கல்லூரி மாணவி:

ஐயா, மல்லாத்தல் மல்லிலிருந்து வந்ததா என்பது ஐயம். மலையாளத்தில் மல்லாந்து படுப்பதை ‘மலர்ந்நு கிடக்குக’ என்கிறார்கள். மலர்தல்தான் வேர் என்று தோன்றுகிறது. முகம் மேல்நோக்கி விரிந்து கிடப்பது.

திருவொற்றியூர்:

மகளே, மலையாளச் சான்று வலுவானதுதான். ஆனால் மலர்தலும் மல்லும் ஒரே வேரின் கிளைகளாக இருக்கக் கூடாதா? மல் என்பதற்கு வளம் என்ற பொருளும் உண்டு. பூரித்தல், விரிதல், வலிமை... இதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

பயிற்சியாளரின் சொல்லை நான் எதிர்க்கவில்லை, சொற்கள் சேரும் புணர்ச்சியைத்தான் எதிர்க்கிறேன். காலால் பின்னுவது வேற்றுமைத் தொடர். ‘லளவேற் றுமையில் றடவும்’ என்கிறது நன்னூல், அதாவது அங்கே வல்லினத்துக்கு முன் ல் என்பது ற் ஆகும். காற்பின்னல் என்பதே சரி.

வியாசர்பாடி:

எங்கள் பகுதியில் கால்பந்து ஆடாத தெரு இல்லை. ஒருவரும் காற்பந்து என்று சொன்னதில்லை. இங்குள்ள நாளிதழ்களும் கால்பந்து என்றுதான் அச்சிடுகின்றன. பத்து வயதுப் பையன் படித்த உடனே காலும் பின்னலும் தனித்தனியாகத் தெரிய வேண்டும்.

திருவொற்றியூர்:

சிங்கப்பூரில் காற்பந்து என்றே எழுதுகிறார்கள். அங்கேயும் பத்து வயதுப் பையன்கள் இருக்கிறார்கள்.

பெரம்பூர்:

பாரசீகத்திலிருந்து வந்த குஸ்தியையும் பயில்வானையும் ஊரே ஏற்றுக்கொண்டது. ‘கார்டு’ என்றே போட்டு முதல் பக்கத்தில் விளக்கினால் என்ன?

தண்டையார்பேட்டை:

அனைவருக்கும் நன்றி. கார்டு வேண்டாம் என்பதில் பெரும்பாலோர் உடன்படுகிறீர்கள். பக்கங்களில் ‘கால்பின்னல்’, ‘கழுத்துப் பூட்டு’, ‘நெறுநெறு’ என்று எழுதிவிட்டேன். பக்கம் திருப்புவது பற்றிப் பதிப்பாளருக்கு எழுதியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.

திருவொற்றியூர்:

என் மறுப்பு நிற்கிறது. சொல்லடைவு சேர்ப்பதாக இருந்தால் அங்கேயாவது ‘காற்பின்னல்’ என்று போடுங்கள். மல் பற்றிய மடல் நாளை வரும்.